எதற்காக வெட்டினார்கள்

என் மூத்த மகன் எந்த நேரத்தில் பிறந்தான் என்று பழனியில் என் மாமியார் வீட்டுத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். என்ன நட்சத்திரம், எத்தனையாம் பாதம், என்ன லக்னம், எல்லாம் அத்துப்படி. எதிர்க்கடையில் விபூதி விற்கிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் எதற்காக என் வயிற்றைக் கிழித்து அவனை வெளியே எடுத்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பல வருஷம் எனக்கும் தெரியாது. கிழிபட்டது என் வயிறு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் கொடைக்கானல் மலையில் அட்டுவம்பட்டியில் தையல்கடை வைத்திருக்கிறேன். ஹாஸ்டல் பிள்ளைகளின் யூனிபார்ம், டூரிஸ்ட்டுகள் கொண்டுவரும் அறுந்த ஜிப்பு, ஊர்ப் பெண்களின் ஜாக்கெட், எது வந்தாலும் தைப்பேன். யாராவது ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து கைப்பக்கம் இறுக்கிப் பிடிக்கிறது என்றால், எந்த இடத்தில் பிரிக்கப்போகிறேன், ஏன் பிரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கத்தரியைத் தொடுவேன். இதில் பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. துணி அவர்களுடையது, அவ்வளவுதான். அரை மீட்டர் துணிக்கு இருக்கிற மரியாதை என் வயிற்றுக்கு இல்லாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். அவருடைய அப்பா அம்மாவுக்குப் பழனி அடிவாரத்தில் கடை. பஞ்சாமிர்தம், விபூதி, பூஜைத் தட்டு, மொட்டை போட்ட தலைக்குப் பூசச் சந்தனம், இதெல்லாம் விற்பார்கள். என் பக்கம் அம்மா மட்டும்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் இந்த மலைக்கு வந்தவர். கேரட் காட்டில் கூலி வேலை. இத்தனை வருஷம் ஆகியும் டாக்டரை "டொக்டர்" என்றுதான் சொல்வார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பகையோ சண்டையோ கிடையாது. வீட்டுக்குள் ஒரு கெட்டவர் இருந்திருந்தால் எனக்குக் கோபப்பட வசதியாக இருந்திருக்கும். அந்த வசதி எனக்கு வாய்க்கவில்லை.

மூத்தவனைச் சுமந்தபோது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒன்பதாம் மாதம் வரை மிஷின் மிதித்தேன். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டில் இருந்துகொண்டு, மலையிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். மாமியார்தான் சம்மதிக்கவில்லை.

"மலைமேல இருந்துக்கிட்டு எதுக்குத்தா ரிஸ்க் எடுக்கணும்? வெள்ளனே கீழ வந்துரு. நம்ம தெருப் புள்ளைக பூராம் பொறந்த ஆஸ்பத்திரி பக்கத்துலயே கெடக்கு" என்றார். அக்கறையாகத்தானே கூப்பிடுகிறார் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கறைதான், அதில் பொய் இல்லை.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டரம்மா என்னை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். எடுத்து முடித்ததும் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வீட்டு ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். முதலில் மாமியார் போனார். அப்புறம் என் வீட்டுக்காரர். அப்புறம் மாமனார். கடைசியில் என் அம்மா. ஒவ்வொருவரும் வெளியே வந்து என் தலையைத் தடவி, "ஒன்னும் இல்ல, ஆபரேஷன் பண்ணி எடுத்துரலாமாம்" என்றார்கள். நான் ஒருத்தி குத்துக்கல் மாதிரி அங்கே உட்கார்ந்திருக்கிறேன், என்னை மட்டும் கூப்பிடவில்லை. பிள்ளை என்னவோ அந்தப் பெஞ்சின் வயிற்றில் இருப்பதுபோல.

எனக்கு வலி எடுக்கவில்லை. நீர்க்குடம் உடையவில்லை. பெயருக்கு ஒரு சுருக்குக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள், போனோம். கையெழுத்தை என் வீட்டுக்காரரிடம் வாங்கினார்கள். எனக்குப் பச்சைத் துணியை மாட்டி மேஜையில் படுக்கவைத்து, முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. அப்போதுதான் தைரியம் வந்து டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"எதுக்கு டாக்டர் ஆபரேஷன்? என்ன பிரச்சினை?"

"குழந்தை நல்லா இருக்கணும்ல? பேசாம படும்மா" என்றார்.

பேசாமல் படுத்தேன். ஒன்று மட்டும் எனக்கு விநோதமாகப் பட்டது. எல்லாம் தயாரான பிறகும் அவர்கள் ஆரம்பிக்கவில்லை. டாக்டரம்மா கையுறை போட்ட கைகளை மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நர்ஸும் அதையே பார்த்தார். மருந்து நன்றாகப் பிடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள், எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

மகன் நல்லபடியாகப் பிறந்தான். அன்றைக்குக் கார்த்திகை. மாதா மாதம் கார்த்திகை நட்சத்திரத்தன்று பழனியில் கூட்டம் அலைமோதும், கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதனால் மாமனார் கடையை விட்டு வரமுடியாமல் சாயங்காலம்தான் பேரனைப் பார்க்க வந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "முருகனோட நட்சத்திரத்துல வந்து பொறந்துட்டான்" என்று வார்டில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்தார். நானும் சிரித்தேன். தையல் வலித்தது, அதனால் பாதிதான் சிரிக்க முடிந்தது.

அதற்கப்புறம் பட்டதை எல்லாம் விலாவாரியாகச் சொல்லப்போவதில்லை. மலைக் குளிரில் ஒரு இருமல் வந்தால் அடிவயிற்றைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். தும்மலுக்குப் பயந்தேன். மிஷினை மிதிக்க முடியாமல் கடை பூட்டிக் கிடந்தது. பார்க்க வந்த பெண்கள் ஆளுக்கு ஒரு தடவை, "பரவால்ல, நோகாமப் பெத்துட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நோகாமல் பெற்றேனாம். அவர்களுக்குப் பதில் சொல்ல வாய் வரைக்கும் வந்ததை நான் இங்கே எழுதமுடியாது.

மகனுக்குப் பழனியில் முதல் முடி இறக்கினோம். அன்று பந்தியில் சொந்தக்காரப் பெண்மணி ஒருவர், "சொகமா இருந்த புள்ளைக்கு ஏன் ஆபரேஷன் பண்ணாங்க?" என்று கேட்டார். அப்போதுதான் கூத்து வெளியே வந்தது.

"தண்ணி வத்திருச்சுன்னு சொன்னாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"தண்ணியா? கொடி சுத்திருச்சுல்ல. கழுத்துல சுத்திக் கெடந்துச்சு" என்றார் மாமியார்.

என் அம்மா இலையிலிருந்து தலையை நிமிர்த்தி, "இவளுக்கு இடுப்பு எலும்பு சின்னதாம். புள்ள தலை இறங்காதாம். டொக்டர் என்கிட்ட அப்பிடித்தானே சொன்னாங்க" என்றார்.

மாமனார் எல்லோரையும் விட ஒருபடி மேலே போய்விட்டார். "மலைரோடு. அவசரத்துக்கு வண்டி கெடைக்காது. அதனாலதான் முன்னாடியே எடுத்துட்டாங்க."

நான் படுத்திருந்தது பழனியில். ஆஸ்பத்திரிக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மேடுகூடக் கிடையாது. ஒரே வயிற்றுக்குள் தண்ணீர் வற்றி, கொடி சுற்றி, எலும்பு குறுகி, அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவு வேறு. ஒவ்வொருவருக்கும் எதைச் சொன்னால் பயப்படுவார்களோ அதைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "இதுல எது நெசம்?" என்று கேட்டேன். மாமியார்தான் கடைசியில், "எல்லாந்தான் இருந்திருக்கும்த்தா. நீ சாப்புடு" என்றார். எல்லோரும் ரசத்துக்குப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரரிடம் அப்புறமும் விடாமல் கேட்டேன். "டாக்டர் சொன்னா சரியாத்தான இருக்கும்? நம்ம என்ன படிச்சிருக்கோம்?" என்றார். படித்தால்தான் காரணம் கேட்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. பிள்ளை வளர்ப்பு, கடை, ஸ்கூல் சீசன் என்று நாள் ஓடியது. அந்தக் கேள்வி மட்டும் துணிக்குள் மாட்டிக்கொண்ட குண்டூசி மாதிரி அவ்வப்போது குத்திக்கொண்டே இருந்தது.

மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி உண்டானேன். இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் கீழே போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மலையிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம் பார்க்கிற டாக்டரும், மயக்க மருந்து கொடுக்கிற அவருடைய கணவரும் அந்த வளாகத்துக்குள்ளேயே குடியிருந்தார்கள். அந்த டாக்டர் என்னை உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வியே என்னை அறைந்ததுபோல் இருந்தது.

"ஃபர்ஸ்ட் பேபி எதுக்காக ஆபரேஷன்?"

நான்கையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ என்னவோ.

"நான் ஏன் கேக்கறேன்னா," என்றார் பொறுமையாக, "தண்ணி குறைஞ்சதும் கொடி சுத்தினதும் அந்தக் குழந்தையோட போச்சு. அந்தக் காரணம்னா இந்தத் தடவை வலி எடுக்க விட்டுப் பாக்கலாம். இடுப்பெலும்புதான் காரணம்னா இந்தக் குழந்தைக்கும் அதே கதைதான், ட்ரை பண்ணவே கூடாது. உள்ள கர்ப்பப்பையில எப்படி வெட்டியிருக்காங்கங்கறதும் தெரியணும். எதுக்காக வெட்டினாங்கன்னு தெரிஞ்சாத்தான் நான் அடுத்தது சொல்லமுடியும். டிஸ்சார்ஜ் பேப்பர் இருக்குமே, எடுத்துட்டு வாங்க."

இத்தனை வருஷமாக என் மனக்குறை என்று நினைத்துக்கொண்டிருந்தது மனக்குறை இல்லை. என் வயிற்றில் இருக்கிற அடுத்த பிள்ளை எப்படி வெளியே வரவேண்டும் என்பதே அந்த ஒரு காரணத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் கிளாவரையிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பூண்டு, உருளைக்கிழங்கு போடுகிற குடும்பம். பஸ்ஸில் குலுங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. "எனக்கு ஆபரேஷன்தான்" என்று அவராகவே சொன்னார். "புள்ள குறுக்க கெடக்கு. தலையும் கீழ இல்ல, காலும் கீழ இல்ல. டாக்டர் என் கையைப் பிடிச்சு வயித்துமேல வச்சுக் காட்டுனாங்க, இந்தப் பக்கம் தலை, இந்தப் பக்கம் குண்டின்னு. இப்பிடிக் கெடந்தா வலி எடுத்தாலும் வழி கெடைக்காதுல்ல? கொடியோ கையோ முதல்ல வந்துருச்சுன்னா புள்ள போயிரும்னாங்க." பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். "பயந்தான். ஆனா வேற என்ன செய்ய, அது அப்பிடிக் கெடக்கே" என்றார். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்டப்படப்போகிறவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனே கூடாது என்று சொல்கிறவள் இல்லை நான். நஞ்சுக்கொடி வழியை அடைத்துக்கொண்டு கீழே கிடந்தால், பிள்ளை குறுக்கே விழுந்தால், தாய்க்கு ரத்தக் கொதிப்பு ஏறி வலிப்பு வந்தால், உள்ளே பிள்ளைக்கு மூச்சுத் திணறினால், வெட்டத்தான் வேண்டும். வெட்டாமல் விட்டுச் செத்தவர்கள் கதை எங்கள் மலையில் தாராளமாக இருக்கிறது. காரணம் இருக்கிற கத்தியைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

மறுநாளே என் வீட்டுக்காரரின் வேனில் பழனிக்கு இறங்கினேன். கடையில் மாமியார் பஞ்சாமிர்த டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். "அத்தை, மூத்தவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ஒரு பேப்பர் குடுத்தாங்கள்ல, அது எங்க?" என்றேன்.

"அதுல நேரம் எழுதியிருந்துச்சுல்ல, ஜாதகம் கணிக்க ஜோசியர்ட்ட குடுத்தோம். அவர் பாத்துட்டு வச்சுக்கிட்டாரு. அவரு போயிச் சேந்து நாளாச்சே" என்றார். பிறகு உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்தார். மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் போட்டு ஒட்டி, அழகாக வைத்திருந்தார்கள். மகன் பிறந்த நேரம். "இது இருக்குத்தா, இது போதுமா?" என்று ஆசையாக நீட்டினார். நான் வாங்கவில்லை.

நேரே அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழைய ஃபைல் எல்லாம் இல்லை என்று ரிசப்ஷனில் ஒரே வார்த்தையில் முடித்தார்கள். டாக்டரம்மாவைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். எல்லா நோயாளிகளையும் அனுப்பிவிட்டு, எழுந்து புறப்படும்போது என்னைக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"எத்தனையோ பேருக்குப் பண்றோம், எப்படிம்மா ஞாபகம் இருக்கும்? சும்மா யாரும் வெட்டமாட்டாங்க. ஏதாவது காரணம் இருந்திருக்கும்" என்றார்.

"அந்த ஏதாவதுதான் டாக்டர் எனக்கு வேணும்."

"இப்ப அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற? ஒரு தடவை ஆபரேஷன்னா மறுபடியும் ஆபரேஷன்தான். இங்கயே வந்துரு, நல்ல நாளாப் பாத்துப் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தார். எனக்கு உள்ளங்கால் வரை சுட்டது. "ஏதாவது" என்று ஒரு வார்த்தை. மாவு அரைக்கிற மிஷினில்கூட ஏதாவது போடுங்கள் என்று சொன்னால் திருப்பி அனுப்புவார்கள்.

கடைக்குத் திரும்பி வந்து மாமியாரிடம் புலம்பினேன். "டாக்டரம்மாவுக்கே ஞாபகம் இல்லையாம் அத்தை. எதுக்கு வெட்டினாங்கன்னு வெட்டினவங்களுக்கே தெரியல."

"அவங்களுக்கு என்னத்தா தெரியும், பாவம்" என்றார் மாமியார், டப்பாவைத் துடைத்துக்கொண்டே. "நேரம் குறிச்சுக் குடுத்தது நம்மதான. மாமா ஜோசியர்ட்ட போயி, கார்த்திகையில ரெண்டு நல்ல நேரம் எழுதி வாங்கிட்டு வந்தாரு. நான்தான் கொண்டுபோயி டாக்டரம்மா கையில குடுத்தேன். பாத்துக்கலாம்னாங்க. சொன்ன மாதிரியே தட்டாமப் பாத்தாங்க, தங்கமான மனுஷி."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "ஸ்கேன் எடுத்ததுக்கு அப்புறமா போனீங்க?"

"அதுக்கு முன்னாடியே. நீ மலையில இருந்து வர்றதுக்கு முன்னாடியே குடுத்தாச்சுல்ல."

ஆக, நேரம் முதலில் வந்திருக்கிறது. காரணம் பிறகு வந்திருக்கிறது. நான் பழனிக்கு இறங்குவதற்கு முன்பே என் வயிற்றில் கத்தி வைக்க முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அந்தச் சுவர்க் கடிகாரம் எனக்கு ஞாபகம் வந்தது. மார்புக்கு நேராகக் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றது மருந்து பிடிப்பதற்காக இல்லை. கார்த்திகையில் நல்ல நேரம் பிறப்பதற்காக. அதற்குத்தான் மனதுக்குள் நன்றி சொன்னேன், மடச்சி.

"என்னைக் கேட்டீங்களா அத்தை?" என்றேன். குரல் எழும்பிவிட்டது. சந்தனம் வாங்க வந்த மொட்டைத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"இதுல கேக்க என்ன இருக்கு? புள்ளைக்கு நல்லதுதான செஞ்சோம். அவன் நல்லாத்தான இருக்கான்? ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார், அதுதான் கொடுமை. அவருக்கு நான் பட்டது கண்ணில் படவில்லை. மகன் நட்சத்திரம் மட்டும் பட்டது. அந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், அதனால் அதை ஒரு தப்பு என்று நினைக்க அவருக்கு வழியே இல்லை. ஆனால் படித்துப் பட்டம் வாங்கி, பச்சைத் துணி கட்டிக்கொண்டு நின்றவருக்கு என்ன வந்தது? முடியாது அம்மா, காரணம் இல்லாமல் வெட்டக்கூடாது என்று சொல்ல ஒரு வாய் இருந்ததே. அந்த வாயால்தான் நாலு பேருக்கு நாலு கதை சொன்னார்.

வேனில் மலையேறும்போது என் வீட்டுக்காரரிடம் பேசவில்லை. பெருமாள்மலை தாண்டியதும் அவராகவே, "நேரம் குறிச்சது எனக்குத் தெரியாது. தண்ணி வத்துச்சுன்னு சொன்னதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். "என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டிருக்கலாம்ல?" என்றேன். அவர் வைப்பரைப் போட்டார். மழை பெய்யவில்லை.

மலை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. இதைப் போல நிறையக் கேட்டிருப்பார் போல. என்னை முழுக்கச் சோதித்துவிட்டு, எலும்பில் குறை எதுவும் தெரியவில்லை, வலி எடுக்க விட்டுப் பார்க்கலாம் என்றார். "ஆனா ஒன்னு. ஏற்கனவே வெட்டின கர்ப்பப்பை. நிறையப் பேருக்கு நல்லபடியா நடக்கும். சிலருக்குப் பழைய தையல் வலியில விட்டுக்கொடுத்துரும். அப்படி ஒரு சந்தேகம் வந்தா நான் ஒரு நிமிஷம்கூட நிக்கமாட்டேன், உடனே ஆபரேஷன்தான். சரியா?"

"அறுக்கணும்னா அறுங்க டாக்டர். எதுக்குன்னு என் மொகத்தைப் பாத்துச் சொல்லிட்டு அறுங்க. அது போதும்" என்றேன்.

நாள் நெருங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வந்து தங்கிக்கொண்டோம். வலி எடுத்தது ஒரு காலை நேரம், மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. மாமியாரும் பழனியிலிருந்து வந்திருந்தார். கடையில் நடந்ததற்குப் பிறகு நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்திருந்தார். என் அம்மா என் இடுப்பை நீவிவிட்டார். வலி நன்றாகத்தான் ஏறிக்கொண்டு வந்தது. மூத்தவனுக்குப் பார்க்கக் கிடைக்காத வலி அது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு வலி வந்து அடங்கியது. அடிவயிற்றில் பழைய தழும்பு இருந்த இடத்தில் மட்டும் அடங்கவில்லை. பிள்ளையின் துடிப்பைக் காட்ட வயிற்றில் கட்டியிருந்த மிஷினைப் பார்த்த நர்ஸ் வேகமாக வெளியே போனார். டாக்டர் வந்து மிஷினிலிருந்து வந்த காகிதத்தைப் பார்த்தார், என் தழும்பை அழுத்திப் பார்த்தார். பிறகு சுற்றிக்கொண்டு என் தலைமாட்டுக்கு வந்து, முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"கேளும்மா. வலி வரும்போது குழந்தையோட இதயத் துடிப்பு இறங்குது. முன்னாடி திரும்ப ஏறுச்சு, இப்ப ஏறல. தழும்பு இருக்கற இடம் வலிக்குது. பழைய தையல் பிரியுதுன்னு நினைக்கறேன். காத்திருந்தா குழந்தைக்கும் ஆபத்து, உனக்கும் ஆபத்து. இப்பவே ஆபரேஷன் பண்ணணும். இதுதான் காரணம். பண்ணட்டுமா?"

"பண்ணுங்க" என்றேன். பேனாவை என் கையில்தான் கொடுத்தார்கள். கோணல் மாணலாக என் கையெழுத்தைப் போட்டேன்.

வெளியே நடந்ததை அம்மா பிறகு சொன்னார். என்னைத் தள்ளிக்கொண்டு போனதும் மாமியார் பதறிப்போய் மகனிடம், "ஏலே, இப்ப ராகு காலம்டா. கொஞ்ச நேரம் தள்ளிப் பண்ணச் சொல்லு. பொம்பளப் புள்ளையா இருந்துட்டா நாளைக்கு எப்பிடிக் கட்டிக் குடுக்க?" என்றாராம். ஆபரேஷன் அறைக் கதவை நோக்கியும் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டி நிறுத்தி, "போன தடவ நேரம் பாத்தோம்லம்மா. இந்தத் தடவ பேசாம உக்காரு" என்றாராம். அவர் தன் அம்மாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

மகள். முதலில் அழவில்லை, அப்புறம் அழுதாள். உள்ளே கடிகாரம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, எல்லோருடைய கையும் ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்ததும் டாக்டர் மறுபடி என் தலைமாட்டுக்கு வந்தார். "நினைச்ச மாதிரிதான். பழைய தையல் ஒரு ஓரமாப் பிரிஞ்சிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மொத்தமும் விட்டிருக்கும், ரெண்டு பேரையும் காப்பாத்தறது கஷ்டமாயிருக்கும்" என்றார்.

அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்தது. கோபம் அடுத்த நாள் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை. என் மகளுக்கு வந்த ஆபத்து என் எலும்பால் வரவில்லை, கொடியால் வரவில்லை, மலைரோட்டால் வரவில்லை. தேவையே இல்லாமல் போட்ட ஒரு தையலால் வந்தது. ஒரு பிள்ளைக்கு நட்சத்திரம் பார்க்கப் போய் இன்னொரு பிள்ளையைப் பறிகொடுக்க இருந்தோம்.

மாமியார் வார்டுக்கு வந்தார். பேத்தியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே மெதுவாகக் கேட்டார்.

"நேரம் என்னன்னு நர்ஸு சொன்னாங்களா? ராகு காலம் முடிஞ்சிருக்குமா? இல்லாட்டி ஒரு அரை மணி கூட்டி எழுதித் தரச் சொல்லுவோமா?"

"பழைய தையல் பிரிஞ்சிருச்சு அத்தை" என்றேன். "அதான் ஆபரேஷன். டாக்டர் என்கிட்டயே சொன்னாங்க."

"அதக் கேக்கலத்தா. நேரத்தைக் கேட்டேன்."

"நான் அதைத்தான் சொல்றேன். பிரிஞ்சது எந்தத் தையல் தெரியுமா? கார்த்திகைக்கு வெட்டுனாங்கள்ல, அது."

மாமியாரின் மடியிலிருந்த பேத்தியின் கை துணிக்கு வெளியே வந்திருந்தது. அதை எடுத்து உள்ளே வைத்தார். துணியை இழுத்து மூடினார். மறுபடி அவிழ்த்து, மறுபடி மூடினார். விசிட்டிங் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொல்லும்வரை அவர் நிமிரவில்லை. அதற்கப்புறம் நேரம் கேட்கவும் இல்லை.

மகள் இப்போது நடக்கிறாள், கடையில் பட்டன் டப்பாவைக் கவிழ்க்கிறாள். அவளுக்கு ஜாதகம் எழுதவில்லை. பழனிக்குப் போகும்போதெல்லாம் தெருவில் யாராவது, "பொண்ணு என்ன நேரத்துல பொறந்தா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் மாமியார் சொல்லிவிடுகிறார்.

"நேரம் பாக்கலங்க. பாத்திருந்தா இவ இருந்திருக்க மாட்டா."